பள்ளிக் கட்டடம் புதுப்பித்தலும் மின் வேலையும்

ஓர் ஊரின் பொதுச் சொத்துகளுள் முதன்மையானது பள்ளிக்கூடம். குளமும் களமும் சாலையும் கோயிலும் ஊருக்கு வேண்டியவையே. ஆயினும் ஊரின் நாளைய வாழ்வு உருவாகும் இடம் பள்ளிக்கூடம் ஒன்றே. 1958ஆம் ஆண்டு தொடங்கித் திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தமிழ்நாடெங்கும் நடைபெற்றன. ஓடு, பலகை, நாற்காலி, மணி, கடிகாரம் எனத் தம்மால் இயன்றதை மக்கள் மனமுவந்து அளித்தனர். பள்ளி நம்முடையது என்ற எண்ணம் அன்று ஊர்தோறும் வேரூன்றியது.

அன்றைய பள்ளிகள் பலவற்றில் மின்விளக்கு இல்லை. பகல் வெளிச்சமும் வேப்பமர நிழலும் போதுமானவையாக இருந்தன. இன்றைய நிலை வேறு. விளக்கு, விசிறி, கணினி, திரைப்பலகை, நீர் இறைக்கும் மோட்டார், குடிநீர் சுத்திகரிக்கும் கருவி ஆகிய அனைத்தும் பள்ளிக்குள் வந்துவிட்டன. கட்டடங்களோ முதுமை எய்தி நிற்கின்றன. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன் பின்னர் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிப்பதும் புதுப்பிப்பதும் மாநிலம் முழுவதும் விரைவுற்றன. 2022ஆம் ஆண்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

சுவர் விரிந்தால் கண்ணுக்குத் தெரியும். கூரை ஒழுகினால் தலையில் சொட்டும். மின்சாரத்தின் பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆகவே, பள்ளிக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது மின் வேலையை எவ்வாறு திட்டமிட்டு நடத்துவது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். மின் பொறியியல் கற்பிப்பது நமது நோக்கமன்று. ஊராட்சி உறுப்பினர் ஒருவர் எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும், எதற்கு உடன்படலாகாது என்பவற்றை எடுத்துரைப்பதே நோக்கம்.

ஒரு கன்றுக்குட்டி கற்பித்த பாடம்

காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் ஊர். பெயர் வேண்டுவதில்லை. அவ்வூர்ப் பள்ளியில் ஓட்டுக் கட்டடம் ஒன்றும் இரண்டு அறைகள் கொண்ட கான்கிரீட் கட்டடம் ஒன்றும் இருந்தன. ஓட்டைப் பிரித்து வேய்வது, கான்கிரீட் கூரையில் பெயர்ந்த காரையைச் செப்பனிடுவது, புதிதாக இரண்டு வகுப்பறைகளும் கழிப்பறையும் கட்டுவது என மூன்று வேலைகள் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு நிதி, வெவ்வேறு ஒப்பந்தக்காரர். மின் வேலை ஒவ்வொருவருடைய மதிப்பீட்டிலும் ஒரு வரியாக இருந்தது. பள்ளி முழுமைக்குமான மின் வேலை எவருடைய பொறுப்பிலும் இல்லை.

கழிப்பறை கட்டியவர் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை அருகிலிருந்த பழைய கட்டடத்திலிருந்து எடுத்தார். அவ்வயர் ஓட்டுக் கட்டடத்தின் இரும்புச் சன்னலை ஒட்டிச் சென்றது. வெள்ளையடிக்க வந்தவரின் ஏணி அதன்மேல் பலமுறை உரசியது. புதிய கட்டடத்தின் திண்ணைக்குத் தளம் போட்டபோது, பழைய நில இணைப்புக் குழி தளத்துக்கு அடியில் மறைந்துபோயிற்று. அதன் கம்பி அறுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

சத்துணவு சமைக்கும் அம்மையார் அந்தச் சன்னலைத் தொட்டபோது, "கம்பி கடிக்கிறது" என்று இருமுறை சொன்னார். "மழை ஈரம், அப்படித்தான் இருக்கும்" என்பதே அவருக்குக் கிடைத்த விடை. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மழைக்கு ஒதுங்கட்டும் என்று கூலித் தொழிலாளி ஒருவர் தம் கன்றை அச்சன்னல் கம்பியில் கட்டிச் சென்றார். மாலையில் வந்து பார்த்தபோது கன்று இறந்து கிடந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. நண்பகல் உணவுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதும் அச்சன்னலருகேதான். சிறு பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அன்று அவ்விடத்தில் நின்றபோது நம்முள் ஒருவருக்கும் பேச்சு எழவில்லை. அந்தத் தொழிலாளிக்குக் கன்று போயிற்று. ஊருக்குப் பிள்ளைகள் பிழைத்தனர்.

பின்னர்ச் சோதித்தபோது, ஃபியூஸ் கட்டை அறுபடாமல் இருந்தது கண்டு உறுப்பினர் சிலர் வியந்தனர். வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஃபியூஸ் அறுபட 15 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாயவேண்டும். உயிரைப் போக்க அதில் நூற்றில் ஒரு பங்கும் வேண்டுவதில்லை. இதனைப் பின்னர் விளக்குவோம்.

இந்நிகழ்ச்சியில் தீய எண்ணம் கொண்டவர் ஒருவருமில்லை. பணமும் குறைவில்லை. குறைந்தவை மூன்று: முழுமைக்கும் ஒரு வரைபடம், முழுமைக்கும் ஒரு பொறுப்பாளர், முடிவில் ஒரு சோதனை.

முதலில் கணக்கெடுப்பு

வயலில் இறங்குமுன் மண்ணைப் பார்க்கிறோம். அவ்வாறே மதிப்பீடு போடுமுன் உள்ளதைப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழுவினர் ஒருவர், ஒன்றியப் பொறியாளர் அல்லது பணி மேற்பார்வையாளர், உரிமம் பெற்ற மின் பணியாளர் ஆகியோர் ஒருநாள் பள்ளி முழுவதும் நடந்து பார்த்தல் வேண்டும். குறித்துக்கொள்ள வேண்டியவை பின்வருமாறு:

1. மின் இணைப்பு எங்கிருந்து வருகிறது? எத்தனை இணைப்புகள்? ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு?

2. மீட்டர், மெயின் சுவிட்ச், ஃபியூஸ் கட்டைகள் எங்கே உள்ளன? அவை மழைச்சாரல் படும் இடத்திலா, பிள்ளைகளின் கை எட்டும் இடத்திலா?

3. நில இணைப்புக் குழி எங்கே? கம்பி அறுபடாமல் உள்ளதா?

4. ஓட்டுக் கட்டடத்தில் மரச்சட்டங்களின்மேல் செல்லும் வயர்களை எலியோ அணிலோ கடித்திருக்கிறதா? துணிச்சுற்று வயர்களும் மரக்கட்டைச் சுவிட்சுகளும் எஞ்சியுள்ளனவா?

5. இடிக்கப்போகும் கட்டடத்தின் வழியாக வேறு கட்டடத்துக்கு மின்சாரம் செல்கிறதா?

ஐந்தாவது வினா மிக முக்கியமானது. பல பள்ளிகளில் சமையற்கூடத்துக்கும் மோட்டாருக்கும் மின்சாரம் பழைய கட்டடத்தின் வழியாகவே செல்லும். பழைய கட்டடத்தை இடித்த அன்று குடிநீர் நின்றுவிடும். அவசரத்தில் ஒருவர் தரையோடு ஒரு வயரை இழுத்துவிடுவார். இரண்டு நாளைக்கு என்று இழுத்த வயர் இரண்டு ஆண்டுகள் கிடக்கும். ஆகவே இடிக்குமுன்னரே மாற்று வழி அமைத்துவிடல் வேண்டும்.

கணக்கெடுப்பு முடிந்ததும் பள்ளி முழுமைக்கும் ஒரே மின் வரைபடம் எழுதிக்கொள்க. வேலைகள் மூன்று நிதியிலிருந்து வரலாம், மூவர் செய்யலாம். வரைபடம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

பளுக் கணக்கு

ஒரு வாய்க்கால் எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்பதை உழவர் அறிவர். வாய்க்காலின் அகலத்துக்கு மேல் நீர் விட்டால் கரை உடையும். வயரின் பருமனுக்கு மேல் மின்சாரம் எடுத்தால் வயர் சூடேறும், மேலுறை உருகும், தீப்பற்றும். ஆதலால் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

ஆறு வகுப்பறைகள் உள்ள நடுநிலைப்பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வகுப்பறைக்கு 20 வாட் விளக்குகள் 4. அவை 80 வாட். 75 வாட் விசிறிகள் 4. அவை 300 வாட். ஆக ஓர் அறைக்கு 380 வாட். ஆறு அறைகளுக்கு 2,280 வாட். தலைமையாசிரியர் அறை, தாழ்வாரம், சமையற்கூடம், கழிப்பறை ஆகியவற்றுக்கு 320 வாட் என்று கொண்டால் கூட்டுத்தொகை 2,600 வாட். கணினி 10, ஒன்றுக்கு 150 வாட் வீதம் 1,500 வாட். திரைப்பலகைக்கும் குடிநீர்க் கருவிக்கும் 300 வாட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 1,000 வாட் எடுக்கும். எல்லாம் சேர்ந்து 5,400 வாட், அதாவது 5.4 கிலோவாட்.

இதனை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 23.5 ஆம்பியர். சில விளக்குகளுக்கென்று முன்னொரு காலத்தில் 1 கிலோவாட்டுக்கு வாங்கிய இணைப்பு இதனைத் தாங்காது. எல்லாக் கருவிகளும் ஒரே வேளையில் ஓடா என்பது உண்மையே. ஆயினும் மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கமான அளவைப்போலப் பலமடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதையும், அடுத்த சில ஆண்டுகளில் கருவிகள் பெருகும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கூடுதல் பளுவுக்கான விண்ணப்பத்தை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் வேலை தொடங்கும்போதே கொடுத்துவிடுக. கட்டடம் திறக்கும் நாளில் கொடுப்பது பயனற்றது.

இங்கே சிக்கனத்துக்கும் ஒரு வழி உண்டு. இப்போது கிடைக்கும் சிக்கன விசிறிகள் ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுகின்றன. 24 விசிறிகளை அவ்வாறு மாற்றினால் 1,080 வாட் குறையும். நாள் ஒன்றுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று கணக்கிட்டால் 1,296 யூனிட் மிச்சமாகும். விசிறியின் விலை சற்று மிகுதியாயினும், மின் கட்டணம் செலுத்துவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்தல் நன்று.

பொறுப்பு யாருடையது?

மின் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே செய்விக்க வேண்டும். வயர் இழுப்பவர் தகுதிச் சான்று பெற்றவராக இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இவற்றை மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது. ஊரில் மோட்டார் பழுது பார்க்கும் இளைஞர் கைத்திறன் மிக்கவராக இருக்கலாம். அவரது திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் நூறு பிள்ளைகள் அமரும் கட்டடத்துக்குச் சோதனை அறிக்கையில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்க உரிமம் வேண்டும். உரிமத்தின் நகலை வாங்கி, அது காலாவதியாகவில்லை என்பதைப் பார்த்துக் கோப்பில் வைத்துக்கொள்க.

கட்டட ஒப்பந்தக்காரர்கள் இருவரோ மூவரோ இருப்பின், மின் வேலை முழுவதையும் ஒருவரிடமே ஒப்படைப்பது சாலச் சிறந்தது. நிதி விதிகள் அதற்கு இடந்தராவிடின், மூவருக்கும் பொதுவாக ஒன்றியப் பொறியாளர் ஒருவரே மின் வேலையை ஒருங்கிணைக்கும்படி எழுத்தில் கேட்டுக்கொள்க. வாரத்தில் ஒருநாள், கொத்தனார், தச்சர், குழாய் வேலைக்காரர், மின் பணியாளர் ஆகியோரைப் பள்ளியிலேயே அரைமணி நேரம் கூட்டிப் பேசுவது பெரும்பயன் தரும். அடுத்த வாரம் யார் எங்கே வேலை செய்வர் என்பது ஒன்றே அப்பேச்சின் பொருளாக இருக்கட்டும்.

வேலையின் வரிசை

நாற்று விடாமல் நடவு இல்லை. மின் வேலைக்கும் பருவமும் வரிசையும் உண்டு. கோடை விடுமுறையில் வயர் வேலையை முடித்து, ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் சோதனையும் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் சுவருக்குள் வயர் இழுக்கும் நிலைமை வரலாகாது.

முதற்படி, மின்சாரத்தைத் துண்டித்தல். பழைய கான்கிரீட் கூரையிலும் சுவரிலும் குழாய்களுக்குள் வயர்கள் ஓடுகின்றன. காரையைக் கொத்துபவருடைய உளி அதன்மேல் படலாம். ஆகவே கொத்தத் தொடங்குமுன் அக்கட்டடத்தின் மெயின் சுவிட்சை நிறுத்தி, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றி, பெட்டியைப் பூட்டி, சாவியை ஒருவரிடமே வைத்தல் வேண்டும். "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்ற அட்டையும் தொங்கட்டும். சுவிட்சை மட்டும் நிறுத்தி வைப்பது போதாது. அறியாத ஒருவர் வந்து போட்டுவிடுவார்.

இரண்டாவது, வேலைக்கான தற்காலிக மின்சாரம். கலவை இயந்திரத்துக்கும் துளைக்கருவிக்கும் வகுப்பறைப் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கலாகாது. பிரிவு அலுவலகத்தில் கேட்டு, உரிய முறையில் தனி இணைப்புப் பெற்று, மின்கசிவுக் காப்பானோடு கூடிய பெட்டி ஒன்றிலிருந்தே எடுக்க வேண்டும். வயர் தரையிலும் தேங்கிய நீரிலும் கிடவாமல் உயரத்தில் கட்டப்படல் வேண்டும்.

மூன்றாவது, கான்கிரீட்டுக்கு முந்திய வேலை. புதிய கூரைக்குக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுமுன், மின்குழாய்களும் விசிறிக் கொக்கிகளும் பெட்டிகளும் அமைக்கப்பட வேண்டும். கொக்கியைக் கூரைக் கம்பியோடு பிணைக்க வேண்டும். குழாய் வாயில் கலவை புகாதபடி அடைத்தல் வேண்டும். கூரை போட்டபின் நினைவு வந்து துளையிடுவதால் கூரைக்கும் கேடு, பணத்துக்கும் கேடு. ஆகவே மின் பணியாளரும் மேற்பார்வையாளரும் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் கான்கிரீட் போட அனுமதியாதீர்கள். மறையப்போகும் வேலையை அளவுப் புத்தகத்தில் அப்பொழுதே பதிவு செய்வதோடு, கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்க. பத்து ஆண்டு கழித்துச் சுவரில் ஆணி அடிப்பவருக்கு அப்படம் உயிர் காக்கும்.

நான்காவது, சுவர் வேலை. சுவரில் குழாய்க்கு வெட்டும் பள்ளம் நேர்மேலாகவோ நேர்கிடையாகவோ இருக்க வேண்டும். குறுக்காக வெட்டினால் வயர் எங்கே செல்கிறது என்பதைப் பின்னர் ஒருவரும் ஊகிக்க இயலாது. தூணையும் உத்தரத்தையும் வெட்டவே கூடாது.

ஐந்தாவது, வயர் இழுத்தல். பூச்சு உலர்ந்த பிறகே வயர் இழுக்க வேண்டும். வண்ணம் பூசிய பிறகே சுவிட்சும் விளக்கும் விசிறியும் பொருத்த வேண்டும். முன்னரே பொருத்தினால் சுவிட்சுக்குள் சுண்ணாம்பு புகும். விளக்கு களவு போகும்.

ஓட்டுக் கட்டடத்தில் குழாய்கள் சுவரின்மேல் தெரியும்படி செல்வது தவறன்று. பழுது பார்க்க அதுவே எளிது. மரச்சட்டத்தின்மேல் வெற்று வயரை ஓட விடுவதே தவறு.

பள்ளி நடைபெறும்போது

வேலை முழுவதையும் விடுமுறைக்குள் முடிப்பது எப்போதும் இயல்வதன்று. பள்ளி நடக்கும்போதே வேலை நடந்தால், வேலையிடத்துக்கும் பிள்ளைகளுக்கும் இடையே தட்டியோ வேலியோ கட்டாயம் வேண்டும். ஒரு கட்டடத்தை முழுமையாக முடித்து, சோதித்து, அதன்பின்னரே பிள்ளைகளை அதில் அமர்த்தி, அடுத்த கட்டடத்தைத் தொடுக. எல்லாவற்றையும் பாதி பாதியாகத் திறந்து வைப்பதைப் போன்ற இடர் வேறில்லை. மின்சாரத்தை நிறுத்தி இணைப்பு மாற்றும் வேலைகளைச் சனி, ஞாயிறுகளில் செய்க. மாலையில் வேலை முடித்துச் செல்லுமுன், வெறுமுனை கொண்ட வயர் எங்கும் தொங்கவில்லை என்பதைத் தலைமையாசிரியரும் மின் பணியாளரும் சேர்ந்து பார்த்தல் வேண்டும். ஆசிரியர்களும் சமையலரும் துப்புரவுப் பணியாளரும் "சுர்ரென்றது" என்று சொன்னால், அன்றே மெயினை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்லைத் தள்ளிவிடலாகாது.

உயிர் காக்கும் மூன்று அமைப்புகள்

நமது நாட்டில் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட். ஈரக்கையோடு, ஈரத்தரையில் நிற்கும் மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், உடலில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டாலே உயிருக்கு ஆபத்து. ஓர் ஆம்பியர் என்பது 1,000 மில்லி ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் 230 மில்லி ஆம்பியரைக் கண்டு அறுபடுமா? அறுபடாது. கன்று இறந்தும் ஃபியூஸ் இருந்தபடி இருந்ததன் காரணம் இதுவே.

ஆகவே மூன்று அமைப்புகள் வேண்டும்.

முதலாவது, தானியங்கிச் சுவிட்ச். இதனை எம்.சி.பி. என்பர். பளு மிகும்போதும் இரு வயர்கள் ஒட்டும்போதும் இது விழுந்து மின்சாரத்தை நிறுத்தும். இது காப்பது வயரை. தீயைத் தடுப்பது இதன் பணி.

இரண்டாவது, நில இணைப்பு. விசிறி, மோட்டார், கணினி, இரும்புப் பெட்டி ஆகியவற்றின் உலோக உடலிலிருந்து பூமிக்குச் செல்லும் பச்சை வயரே இது. மின்சாரம் கசிந்தால் மனிதர் உடல் வழியே செல்லாமல் இவ்வழியே வடிந்துவிடும். மதகு திறந்திருந்தால் கரை உடைவதில்லை அன்றோ? குழாய் வகை நில இணைப்புக்கு 2.5 மீட்டருக்குக் குறையாத துத்தநாகப் பூச்சுக் குழாயைக் கட்டடத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிப் புதைப்பது வழக்கு. குழியின் வாயில் சிறு தொட்டியும் மூடியும் கட்டி, அடையாளம் எழுதி, கோடையில் நீர் ஊற்றி வரல் வேண்டும். அதன்மேல் தளம் போட எவரையும் விடாதீர்கள்.

மூன்றாவது, மின்கசிவுக் காப்பான். இதனை ஆர்.சி.சி.பி. என்பர். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று இது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள காப்பான், அந்த அளவுக்கு வேறுபாடு எழுந்தால் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். மனித உயிரைக் காக்க அமைந்த கருவி இதுவே. பள்ளிக்கு 30 மில்லி ஆம்பியர் வகையையே கேட்டு வாங்குக. பள்ளி முழுமைக்கும் ஒன்றே வைத்தால், ஓரிடத்துக் கசிவால் எங்கும் மின்சாரம் நின்றுவிடும். கட்டடத்துக்கு ஒன்று, மோட்டாருக்கும் கழிப்பறைக்கும் ஒன்று எனப் பிரித்து வைப்பது நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. புதிதாக வைத்த காப்பான் அடிக்கடி விழுகிறது என்று குறைகூறி, அதனை விலக்கி நேரே இணைத்துவிடும் வழக்கம் உண்டு. காவல் நாய் குரைக்கிறது என்று அதனை விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பதற்கு ஒப்பாகும் இது. காப்பான் விழுந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பதே பொருள். கசிவைக் கண்டுபிடித்துச் செப்பனிடுக.

பொருளும் பணமும்

வயர், சுவிட்ச், பிளக், காப்பான் அனைத்திலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். செம்பு வயரே வேண்டும். விளக்கு, விசிறிச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக் சுற்றுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. விளக்கு, விசிறிச் சுற்று ஒன்றில் பத்து இடங்களுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ சேர்ப்பதில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் செல்லும் பெரிய வயரின் பருமனைத் தூரத்தையும் பார்த்துப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும். கடைமடைக்கு நீர் குறைவதுபோல், நீண்ட மெல்லிய வயரின் கடைசியில் வோல்ட் குறையும், மோட்டார் கருகும்.

சுவிட்ச் எப்போதும் பேஸ் வயரில் அமைய வேண்டும். நியூட்ரலில் அமைந்தால் விளக்கு அணைந்திருந்தும் அதன் பிடியில் மின்சாரம் இருக்கும். பிளக்குகள் நிலத்துளையோடு கூடிய மூன்றுதுளைப் பிளக்குகளாக இருக்கட்டும். சிறு குழந்தைகள் பயிலும் அறையில் அவை கை எட்டாத உயரத்தில், உள்ளே மூடுதகடு உடையவையாக அமைதல் வேண்டும்.

வயர் சுருளின் மேலட்டையைப் பிரிக்குமுன் பார்த்துக் குறித்துக்கொள்க. பணத்தை மூன்று கட்டமாகக் கொடுப்பது முறை: குழாய் வேலை முடிந்து பதிவான பின் ஒரு பகுதி, வயர் இழுத்த பின் ஒரு பகுதி, சோதனை முடிந்து வரைபடம் கைக்கு வந்த பின் எஞ்சிய பகுதி. விளக்கு எரிவதைக் காட்டி முழுத்தொகை கேட்பவர்க்கு, "விளக்கு எரிவது சோதனையன்று" என்று விடை கூறுக. கன்று இறந்த பள்ளியிலும் விளக்குகள் நன்றாகவே எரிந்தன.

சோதனையும் ஒப்படைப்பும்

மின்சாரம் கொடுக்குமுன் பின்வரும் சோதனைகள் நம் கண்முன் நடைபெற வேண்டும்.

1. மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட்டில் ஒவ்வொரு சுற்றின் காப்புறுதியையும் அளத்தல். புதிய வயருக்கு 1 மெகோமுக்குக் குறையலாகாது. ஈரமோ, உரிந்த வயரோ இருந்தால் இதில் தெரிந்துவிடும்.

2. நில இணைப்பின் மின்தடையை அளத்தல். 5 ஓமுக்கு மிகாதிருப்பது நன்று.

3. ஒவ்வொரு பிளக்கிலிருந்தும் நில இணைப்பு அறுபடாமல் செல்கிறதா என்று பார்த்தல்.

4. பேஸ், நியூட்ரல் இடம் மாறாமல் உள்ளனவா என்று பார்த்தல்.

5. மின்சாரம் வந்தபின் ஒவ்வொரு காப்பானின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தல். அழுத்தியவுடன் விழ வேண்டும்.

அளவுகளை எழுதி, ஒப்பந்தக்காரரும் மேற்பார்வையாளரும் கையொப்பமிட்டுத் தர வேண்டும். முடிந்த வேலையின் வரைபடம் இரண்டு படிகள் வேண்டும். ஒன்று தலைமையாசிரியர் அறைச் சுவரிலும், மற்றொன்று ஊராட்சிக் கோப்பிலும் இருக்கட்டும். மின்பெட்டியில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்பதைத் தமிழில் எழுதி ஒட்டுக.

பின்னரும் பேணுதல்

கட்டியதோடு கடமை முடியவில்லை. மாதம் ஒருமுறை காப்பானின் பொத்தானை அழுத்திப் பார்க்கும் பொறுப்பை ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்து, நாளைக் குறிப்பேட்டில் எழுதச் செய்க. ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், மின் பணியாளரைக் கொண்டு நில இணைப்பையும் காப்புறுதியையும் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். பள்ளி விழாவுக்கு ஒலிபெருக்கி வைப்பவர் மெயினில் நேரே கொக்கி மாட்டுவதை அனுமதிக்கலாகாது.

எவருக்கேனும் மின்சாரம் தாக்கினால் முதலில் மெயினை நிறுத்துக. நிறுத்த இயலாவிடின் உலர்ந்த மரக்கட்டையால் வயரை விலக்குக. வெறுங்கையால் அவரைத் தொடாதீர்கள். 108 எண்ணுக்கு அழைத்துவிட்டு, மூச்சும் நாடியும் இல்லையேல் மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குக. இம்முதலுதவியை ஆசிரியர்கள் அனைவரும் கற்றிருப்பது நலம்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். பள்ளி முழுமைக்கும் ஒரே வரைபடம், ஒரே பொறுப்பாளர், இடிக்குமுன் மாற்று வழி, கான்கிரீட்டுக்கு முன் பார்வை, நில இணைப்பும் மின்கசிவுக் காப்பானும், சோதனைக்குப் பின்னரே பணம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது கவனமும், தெரியாததைக் கேட்கும் துணிவும்.

ஊராட்சி உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருநாள் தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, நில இணைப்புக் குழி எங்கே என்று கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். விடை உடனே கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிடின், அடுத்த கூட்டத்தின் முதற்பொருள் அதுவாகவே இருக்கட்டும். நம் பிள்ளைகள் பற்றி நிற்கும் சன்னல் கம்பியில் அச்சமின்றிக் கை வைக்கக்கூடிய நிலையை உண்டாக்குவது நம் கையில்தான் இருக்கிறது.